அன்பின் வழியே பரவும் கிருமி

நோய்கள் பரவும் வழிகள் பலவற்றை நம்மவர் நன்கு அறிவர். வாந்திபேதி நீரின் வழியாக வரும். டெங்கு நுளம்பின் வாயிலாக வரும். சின்னமுத்து காற்றிலே கலந்து வரும். நீரைக் கொதிக்கவைத்தும், நுளம்பு பெருகும் இடங்களைத் துப்புரவாக்கியும், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி ஏற்றியும் இவற்றைத் தடுக்க நாம் கற்றுக்கொண்டோம். ஆனால், நீரையும் காற்றையும் பூச்சியையும் நம்பாது, மனிதர் மனிதரை நெருங்கித் தொடும் வழியொன்றையே நம்பி வாழும் கிருமி ஒன்று உண்டு. தாய் தன் மகவைக் கொஞ்சும்போது அது செல்லும். கணவனும் மனைவியும் கூடி வாழும் வாழ்விலே அது செல்லும். மல்லர் இருவர் கட்டிப் புரளும் களத்திலும் அது செல்லும். அதன் பெயர் ஹேர்ப்பிஸ் சிம்பிளெக்ஸ் வைரசு.

இக்கிருமி அரிதான ஒன்றன்று. இதற்கு முதலாம் வகை, இரண்டாம் வகை என இரு வகைகள் உள. 2020ஆம் ஆண்டு நிலையை வைத்து உலகச் சுகாதார நிறுவனம் செய்த கணிப்பின்படி, 50 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 380 கோடிப் பேரிடம், அஃதாவது நூற்றுக்கு 64 பேரிடம், முதலாம் வகை குடிகொண்டுள்ளது. 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்டோரில் ஏறத்தாழ 52 கோடிப் பேரிடம் இரண்டாம் வகை உண்டு. இவர்களுட் பெரும்பாலோர் தம்மிடம் இக்கிருமி இருப்பதையே அறியார்.

இத்துணைப் பேரோடு ஒட்டி வாழும் கிருமியைப் பற்றி நம் இல்லங்களிலே பேச்சு எழுவதில்லை. பேசாமையால் விளையும் தீங்குகள் இரண்டு. ஒன்று, அஞ்சவேண்டிய வேளையிலே அஞ்சாதிருத்தல். உதட்டிலே புண்ணுள்ள ஒருவர் பிறந்த குழந்தையை அள்ளி முத்தமிடுவது இதற்கு எடுத்துக்காட்டு. மற்றொன்று, ஐயுறவேண்டாத இடத்திலே ஐயுறுதல். நெடுநாள் ஒழுங்காக வாழ்ந்த கணவனும் மனைவியும் ஒரு கொப்புளத்தைக் கண்டு ஒருவரையொருவர் குற்றவாளியாக நோக்குவது இதற்கு எடுத்துக்காட்டு. இக்கிருமி எவ்வாறு பரவுகிறது என்பதைத் தெளிய அறிந்தால் இவ்விரு தீங்குகளும் பெரும்பாலும் நீங்கும். அதனையே ஈண்டு ஆராய்வோம்.

பெயர் வந்த வரலாறு

காய்ச்சல் கண்டவர் சிலருக்கு உதட்டோரத்திலே சிறு சிறு கொப்புளங்கள் கொத்தாக எழுவதை நாம் கண்டிருக்கிறோம். உட்சூடு வெளியேறுகிறது என்பார் சிலர். இரவிலே பூச்சி ஊர்ந்துவிட்டது என்பார் வேறு சிலர். ‘ஹேர்ப்பிஸ்’ என்னும் சொல்லும் ‘ஊர்தல்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழியாகவே பிறந்தது. தோலின்மீது ஊர்ந்து படரும் புண்களைப் பண்டைக் கிரேக்க வைத்தியர் அப்பெயரால் அழைத்தனர். காய்ச்சலோடு வாயைச் சுற்றி எழும் கொப்புளங்களைப் பண்டை உரோமாபுரி வைத்தியரும் குறித்து வைத்தனர்.

மறைவிடங்களிலே தோன்றும் இத்தகைய கொப்புளங்களைப் பிரெஞ்சு வைத்தியர் ஜோன் அஸ்ட்ரூக் 1736ஆம் ஆண்டு வெளியான தம் நூலிலே விவரித்தார். கொப்புள நீர் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு நோயைக் கொண்டு செல்லும் என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைநாட்டப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மானியரான வில்கெல்ம் குரூட்டர் என்பார் அந்நீரை முயலின் கண்ணிலே தடவி, அங்கும் நோய் தோன்றுவதைக் காட்டினார். 1962ஆம் ஆண்டு ஷ்னேவைஸ் என்னும் மற்றொரு ஜெர்மானியர், இது ஒரு கிருமியன்று, ஒன்றையொன்று பெரிதும் ஒத்த இரண்டு என்று பிரித்துக் காட்டினார்.

இங்கு ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வது நன்று. ‘அக்கி’ என நம்மவர் கூறும் நோய்க்கும் ஆங்கில வைத்தியத்தில் ஹேர்ப்பிஸ் என்ற பெயர் வழங்குவதுண்டு. ஆனால் உடலின் ஒரு பக்கத்திலே பட்டைபோலப் படர்ந்து வருத்தும் அந்த அக்கி வேறு. நாம் இங்கு பேசும் நோய் வேறு. கொப்புளிப்பான் நோயைத் தரும் வைரசே பல்லாண்டு கழித்து அக்கியாக விழித்தெழுகிறது. இரு கிருமிகளும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை; எனினும் அவை தனித்தனி உயிரிகள்.

வாயிலும் மறைவிடத்திலும்

முதலாம் வகை பெரும்பாலும் வாயைச் சார்ந்தது. உமிழ்நீராலும் உதட்டுப் புண்ணாலும் பரவுவது. அதனை மனிதர் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே பெற்றுவிடுகின்றனர். இரண்டாம் வகை பெரும்பாலும் மறைவிடத்தைச் சார்ந்தது. பாலுறவால் பரவுவது. ஆதலின் அது வயது வந்த பின்னரே வருகிறது.

எனினும் இப்பிரிவு இரும்பு வேலியன்று. வாயிலுள்ள முதலாம் வகை, வாய்வழிப் பாலுறவினால் மறைவிடத்திற்கும் செல்லும். செல்வ நாடுகளிலே குழந்தைப் பருவத்தில் இக்கிருமியைப் பெறுவோர் தொகை குறைந்துவிட்டது. அதனால் அந்நாட்டு இளைஞர் பலர் இதனை முதன்முதலாகச் சந்திப்பது பருவம் எய்திய பின்னரேயாம். ஆகவே அங்கு மறைவிட நோயிலும் முதலாம் வகையின் பங்கு மிகுந்து வருகிறது.

குழந்தைக்கு முதலாம் வகை தொற்றும்போது பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. சில குழந்தைகளுக்கு மட்டும் கடுங்காய்ச்சல் எழும், முரசு வீங்கும், வாயெல்லாம் புண்ணாகும், உணவு உண்ணமாட்டாது எச்சில் வடித்து அழும். பல் முளைப்பதனால் வந்த காய்ச்சல் என்று பெற்றோர் எண்ணிக்கொள்வதுமுண்டு. ஒன்றிரண்டு வாரத்தில் நோய் தணியும். ஆனால் கிருமி போய்விடுவதில்லை. அஃது எங்கே செல்கிறது?

நரம்பினுள்ளே நெடுந்துயில்

இக்கிருமியின் வாழ்விலே வியப்பான பகுதி இதுவே. தோலிலும் வாயின் மென்சவ்விலும் பெருகிய வைரசு, அவ்விடத்து நரம்பின் நுனியுட் புகுந்து, நரம்பு இழையின் வழியே பின்னோக்கிப் பயணஞ் செய்கிறது. முகத்திலே நுழைந்தது காதின் முன்புறமாய் மண்டையோட்டின் அடியிலுள்ள நரம்புத்திரட்டை அடைகிறது. மறைவிடத்திலே நுழைந்தது முதுகெலும்பின் அடிப்பாகத்தை அடுத்துள்ள நரம்புத்திரட்டை அடைகிறது. அங்கே நரம்புக் கலத்தினுள் ஒடுங்கி, ஏறத்தாழ ஒரு செயலுமின்றி உறங்குகிறது. உடலின் நிர்ப்பீடனம் அதனை அங்கிருந்து அகற்ற இயலாது. ஒருமுறை புகுந்தது வாழ்நாள் முழுதும் இருக்கும்.

அவுஸ்திரேலிய விஞ்ஞானி மக்பார்லேன் பேர்னெற், தம் உடனாய்வாளர் வில்லியம்ஸ் என்பாருடன் 1939ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றில், இந்நோய் மீண்டும் மீண்டும் வருவது புறத்திலிருந்து புதிதாய்த் தொற்றுவதனாலன்று, குழந்தைப் பருவத்திற் புகுந்த கிருமி உள்ளிருந்து எழுவதனாலேயே என்று விளக்கினார். பிற்காலத்தில், 1960ஆம் ஆண்டிலே, வேறோர் ஆராய்ச்சிக்காக நோபெல் பரிசு பெற்ற பெரியார் இவரே. 1952ஆம் ஆண்டு காட்டன், கில்போர்ண் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர், முகநோவைத் தீர்ப்பதற்காக நரம்பு வேரை வெட்டிய நோயாளரின் உதடுகளிலே சில நாள்களுள் இக்கொப்புளங்கள் எழுவதை எடுத்துக்காட்டினர். உறங்குமிடம் நரம்பே என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று. 1971ஆம் ஆண்டு ஸ்டீவன்ஸ், குக் ஆகியோர் எலிகளின் நரம்புத்திரட்டிலே துயிலும் வைரசை நேரே கண்டறிந்தனர். மனிதரிடத்தும் அவ்வாறே என்பது அடுத்த சில ஆண்டுகளுள் உறுதியாயிற்று.

காய்ச்சல், கடும் வெயில், உடற்களைப்பு, மனக்கவலை, பெண்களின் மாதவிலக்கு, காயம் முதலியன அதன் துயிலைக் கலைக்கும். விழித்த வைரசு வந்த நரம்பின் வழியே திரும்பித் தோலை அடைகிறது. முதலில் உதட்டோரத்திலே ஒருவகைக் குறுகுறுப்பும் எரிவும் தோன்றும். பின்னர் கொப்புளம் எழும், உடையும், புண்ணாகும், பொருக்குக் கட்டும், பத்து நாள் அளவில் ஆறும். குறுகுறுப்புத் தொடங்கிய நேரத்திலிருந்து பொருக்கு உதிர்ந்து தோல் முழுதும் ஆறும்வரை, பிறருக்குத் தொற்றும் அபாயம் உண்டு. கொப்புளம் உடைந்து நீர் கசியும் வேளையே அபாயம் மிக்கது.

எவ்வழியாற் பரவும், எவ்வழியாற் பரவாது?

இவ்வைரசைச் சுற்றிக் கொழுப்பினாலாகிய மெல்லிய உறை ஒன்றுண்டு. அவ்வுறை இருக்கும்வரையே அது கலத்தினுட் புகவல்லது. உறை காய்ந்தாலோ, சவர்க்காரம் பட்டுக் கரைந்தாலோ கிருமி செயலற்றுப் போகும். இதனாலேயே இது நெடுந்தூரம் பயணஞ் செய்யும் ஆற்றலற்றது. ஈரத்தினின்று ஈரத்திற்கு, தோலினின்று தோலுக்கு நேரே செல்லவேண்டும்.

இனி, நம் உடலின் தோல் முழுமையாக இருக்குமிடத்து அதன் மேற்பரப்பிலுள்ள தடித்த இறந்த படை ஒரு மதில் போன்று நின்று காக்கிறது. உதடு, வாயின் உட்புறம், கண், மறைவிடம் ஆகியவற்றிலே அம்மதில் மெல்லியது. சிராய்ப்பும் வெடிப்பும் உள்ள தோலிலே மதில் உடைந்திருக்கிறது. கிருமி புகுவது இவ்விடங்களிலேதான். புகுந்து 2 முதல் 12 நாள்களுக்குள் நோய்க்குறி தோன்றும், தோன்றாமலும் போகலாம்.

கைகளின் பங்கு சிறிதன்று. 1982ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலே, உதட்டுப் புண் கண்ட ஒன்பது பேரைச் சோதித்தபோது, எழுவர் வாயிலும் அறுவர் கைகளிலும் உயிருள்ள வைரசு காணப்பட்டது. புண்ணைத் தொட்ட விரலோடு அது ஒட்டிக்கொள்கிறது. அவ்வாய்விலே, தோலின்மேல் 2 மணி நேரம், துணியின்மேல் 3 மணி நேரம், பிளாஸ்ரிக்கின்மேல் 4 மணி நேரம் வரை வைரசு தாக்குப்பிடித்தது. எனினும் ஒரு பொருளின்மேல் உயிரோடிருத்தல் வேறு. அப்பொருளாற் பிறரைப் பற்றுதல் வேறு. கோப்பை, கரண்டி, துவாய் ஆகியவற்றால் தொற்றுவது நேரடித் தொடுகையால் தொற்றுவதைவிட மிகவும் அரிது. மலசலகூடத்து இருக்கை, நீந்தும் தடாகம் ஆகியவற்றால் இந்நோய் வந்ததென்று அஞ்சவேண்டியதில்லை. புண் கண்டவர் ஆறும்வரை தமக்கெனத் தனிக் கோப்பையும் துவாயும் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அவரோடு ஒரே பந்தியில் இருந்து உண்ண அஞ்சுவது பேதைமை.

வைத்தியத் தொழிலாளரும் இதற்குத் தப்பவில்லை. கையுறை அணியும் வழக்கம் பரவாத காலத்திலே, நோயாளரின் வாயிலே கைவைத்துப் பணிபுரிந்த பல் வைத்தியருக்கும் தாதியருக்கும் விரல் நுனியிலே வலிமிக்க கொப்புளங்கள் எழுந்தன. சூப்பும் விரலிலே குழந்தைகளுக்கும் அவ்வாறு எழுவதுண்டு. இதனை நகச்சுற்று என மயங்கிக் கீறிவிடுதல் கூடாது. கீறினால் நோய் ஆற நாளாகும்; பரவவும் இடமுண்டு.

மற்போர் முகாம் ஒன்று கற்பித்த பாடம்

தோலோடு தோல் உராய்வதனால் இக்கிருமி எத்துணை விரைவாகப் பரவும் என்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு அமெரிக்காவிலே கிடைத்தது. 1989ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மினசோட்டா மாநிலத்திலே, உயர்நிலைப் பள்ளி மாணவருக்கென நான்கு வார மற்போர்ப் பயிற்சி முகாம் ஒன்று நடந்தது. அதிற் பங்குபற்றியோருள் ஆராயப்பட்டவர் 175 பேர். அவர்களுள் 60 பேருக்கு, அஃதாவது மூவரில் ஒருவருக்கு, தோலிலே கொப்புளங்கள் கண்டன. அவை பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும் எழுந்தன. மல்லர் ஒருவரையொருவர் பிடிக்கும் பிடியிலே முகமும் கழுத்தும் அழுந்தி உராய்வன அல்லவா?

மாணவரை எடைக்கேற்ப மூன்று அணிகளாகப் பிரித்துப் பயிற்றினர். எடை குறைந்தோர் அணியில் நூற்றுக்கு 25 பேரையும், எடை மிகுந்தோர் அணியில் நூற்றுக்கு 67 பேரையும் நோய் பற்றியது. ஒரே முகாம், அணிக்கு அணி வேறான நிலை. காற்றாலோ உணவாலோ பரவியிருந்தால் இவ்வேறுபாடு எழ நியாயமில்லை. யார் யாரோடு பொருதார் என்பதே நோயை முடிவுசெய்தது. கொப்புளமுள்ள ஒருவரோடு பொருதவரை அது மிகுதியாகப் பற்றியதும் தெரியவந்தது. நோயாளர் 21 பேரிடமிருந்து வைரசைப் பிரித்தெடுத்து நுணுகி ஆராய்ந்தபோது, நான்கு வேறு கிளைகள் அங்கு உலவியமை புலனாயிற்று. ஒருவர் மட்டும் நோயைக் கொண்டுவந்தார் என்று பழிசுமத்த அங்கு இடமே இருக்கவில்லை.

இந்நிகழ்ச்சி மாணவருக்கும் விளையாட்டு ஆசிரியருக்கும் தரும் பாடம் தெளிவானது. கொப்புளம் கண்ட மாணவனை ஆறும்வரை களத்தினின்று விலக்கிவைக்கவேண்டும். அவனைத் தண்டிப்பதாக அவன் எண்ணாதவாறு அதனைச் செய்யவேண்டும். போட்டியில் இடம் போய்விடுமே என்று அஞ்சும் பிள்ளை புண்ணை மறைப்பான். மறைத்த புண்ணே மிகுதியாகப் பரப்பும்.

புண் இல்லாத வேளையிலும் பரவுமா?

பரவும். இக்கிருமியைப் பற்றி யாவரும் அறியவேண்டிய முதன்மையான செய்தி இதுவே. உறங்கும் வைரசு சிலவேளை கொப்புளம் எதனையும் எழுப்பாமலே தோலின் மேற்பரப்பிற்கு வந்து, சில மணி நேரமோ சில நாளோ அங்கே கசிந்து, மீண்டும் ஒடுங்கிவிடும். நோவு இல்லை, தழும்பு இல்லை, உடையவருக்கே தெரியாது. அவ்வேளையில் நெருங்கிப் பழகுபவரை அது பற்றிக்கொள்ளக்கூடும்.

1992ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கியது. தம்பதியர் போல் வாழ்ந்த 144 இணைகளைத் தேர்ந்தனர். ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்கு மறைவிட நோய் உண்டு, மற்றவருக்கு இல்லை. இவர்களைத் தொடர்ந்து கவனித்து வருகையில் 14 பேருக்குப் புதிதாய்த் தொற்றியது. அவற்றுள் நன்கு ஆராய முடிந்த 13 பேரில் 9 பேருக்கு, துணைவரிடம் எவ்வகைக் குறியும் இல்லாத வேளையிலேயே தொற்றியமை தெரிந்தது. ஆணிடமிருந்து பெண்ணுக்குச் செல்வது, பெண்ணிடமிருந்து ஆணுக்குச் செல்வதினும் பன்மடங்கு மிகுதியாகவும் இருந்தது. பெண்ணுடலின் அமைப்பு அதற்கு ஒரு காரணமாகும்.

இதனாற் பெறப்படுவது யாது? வாழ்க்கைத் துணைவருள் ஒருவருக்கு 30 வயதிலோ 40 வயதிலோ முதன்முதலாகக் கொப்புளம் தோன்றினால், அது நேற்று வந்த தொற்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. பல்லாண்டுகளுக்கு முன் புகுந்து உறங்கிய கிருமி இன்று முதன்முறை விழித்திருக்கலாம். துணைவரிடம் நெடுங்காலமாய் அறியாமல் இருந்தது இப்போது கடந்திருக்கலாம். முதலாம் வகையாயின், குழந்தைப் பருவத்திலே பாட்டியிட்ட முத்தத்தால் துணைவரின் வாயிலே தங்கிய கிருமியாகவும் அது இருக்கலாம். இரத்தத்திலே காணும் பிறபொருளெதிரி, கிருமி உடலில் உண்டு என்பதை மட்டுமே கூறும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதைக் கூறாது. ஒரு கொப்புளத்தைச் சாட்சியாக வைத்து ஒருவரின் ஒழுக்கத்தைத் தீர்ப்பிட விஞ்ஞானம் இடந்தரவில்லை. ஐயத்தினாற் குடும்பம் உடைவதினும், இருவரும் ஒன்றாக ஒரு வைத்தியரிடம் சென்று உண்மையைக் கேட்டறிவது அறிவுடைமையாகும்.

பாலுறவின்போது ஆணுறை பயன்படுத்துவது அபாயத்தைக் குறைக்கும். ஆனால் அது மூடாத தோலும் உண்டாதலின் முற்றாக நீக்காது. புண் உள்ள வேளையிலும், குறுகுறுப்புத் தோன்றிய உடனேயும் உறவைத் தவிர்த்தலே முதற்காப்பு.

பிறந்த மகவும் ஒரு முத்தமும்

வளர்ந்தவருக்கு இந்நோய் பெரும்பாலும் ஒரு தொல்லையே, உயிருக்கு உலைவைப்பதன்று. பிறந்து சில நாளே ஆன சிசுவின் நிலை முற்றிலும் வேறு. அதன் நிர்ப்பீடனம் இன்னும் முதிரவில்லை. அதன் உடலிலே கிருமி புகுந்தால் தோலோடு நில்லாது. மூளைக்கும் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவக்கூடும். தக்க மருந்தில்லாத காலத்திலே, உடலெங்கும் பரவிய நிலையை அடைந்த சிசுக்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் மாண்டன. இன்று மருந்து ஏற்றியும் பத்துக்கு மூன்றளவில் இறக்கின்றன. பிழைத்தவற்றுள்ளும் சில மூளைக் குறைபாட்டோடு வளர்கின்றன.

இந்நோய் அரிது என்பது நமக்கு ஆறுதல். உலகிலே 1,00,000 பிறப்புகளுக்கு ஏறத்தாழ 10 சிசுக்களுக்கே இது நேர்கிறது. அவற்றுட் பெரும்பாலானவை, பிறக்கும்போது தாயின் பிறப்புவழியிலுள்ள கிருமியாலேயே பீடிக்கப்படுகின்றன. பத்தில் ஒன்றளவு, பிறந்த பின்னர் பிறருடைய வாயினாலோ கையினாலோ பெறுகின்றன.

தாயைப் பொறுத்து ஒரு நுட்பத்தை அறிதல் வேண்டும். கருத்தரிக்கும் முன்னரே கிருமியைப் பெற்றுவிட்ட தாயின் இரத்தத்திலே பிறபொருளெதிரிகள் நிறைந்துள்ளன. அவை கருவுக்கும் சென்று காக்கின்றன. ஆதலின் அத்தாயின் மகவுக்கு அபாயம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் கருவுற்ற கடைசி மாதங்களிலே முதன்முறையாகக் கிருமி புகுந்தால், காக்கும் பொருள்கள் உருவாகிக் கருவை அடைய நேரம் போதாது. அந்நிலையில் அபாயம் நூற்றுக்கு 30 முதல் 50 வரை உயர்கிறது. எனவே பிள்ளைத்தாய்ச்சியின் கணவருக்கு இந்நோய் இருக்குமாயின், அதனை மறையாது வைத்தியரிடம் கூறுதல் அவர் தம் பிள்ளைக்குச் செய்யும் முதற்கடன். பேற்று வேளையில் மறைவிடத்திலே புண் காணப்படின், வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுப்பது பற்றி வைத்தியர் முடிவுசெய்வார்.

இனி, பிறந்த பின்னர் வரும் அபாயம். இதனைத் தடுப்பது முற்றிலும் நம் கையிலுள்ளது. உதட்டிலே கொப்புளமோ புண்ணோ பொருக்கோ உள்ளவர், அவர் பாட்டனாயினும் பேத்தியாயினும் பெற்றவராயினும், ஆறும்வரை சிசுவை முத்தமிடலாகாது. தாய்க்கே உதட்டுப் புண் இருப்பின், கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, வாயை முகக்கவசத்தால் மூடிப் பிள்ளையை எடுக்கலாம். மார்பிலே புண் இல்லையாயின் தாய்ப்பாலை நிறுத்தவேண்டியதில்லை. புண் இல்லாதவரும், வெளியிலிருந்து வந்ததும் கைகழுவியே பிள்ளையைத் தொடுதலும், சிசுவின் வாயிலும் கண்ணருகிலும் கையிலும் முத்தமிடாதிருத்தலும் நன்று. பிள்ளையின் உச்சியை முகர்ந்து மகிழ்தல் நம் முன்னோர் அன்பு காட்டிய முறையாகும். அவ்வழகிய முறைக்கு நாம் மீள்வதில் இழப்பொன்றுமில்லை.

நம் நாட்டுச் சைவக் குடும்பங்களிலே 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை தாயையும் பிள்ளையையும் பலரும் வந்து தொடாது காக்கும் வழக்கம் இருந்து வருகிறது. அவ்வழக்கம் இக்கிருமியை எண்ணி எழுந்ததன்று. எனினும், சிசுவுக்கு இந்நோயின் அபாயம் மிக்க காலமும் அந்த முதல் நாலைந்து வாரங்களேயாம். பிள்ளை பார்க்க வருவோரிடம், “இன்னும் சில கிழமை பொறுத்துக் கொஞ்சுங்கள்” என்று ஓர் இளந்தாய் சொன்னால், அதனை மரியாதைக் குறைவாகக் கொள்ளாது ஏற்பது மூத்தோர் கடமை.

சிசு பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலும், காய்ச்சல் கண்டாலும், உடல் குளிர்ந்தாலும், வலிப்புக் கண்டாலும், தோலிலே கொப்புளம் எழுந்தாலும் கைமருந்து பார்த்துக் காலம் போக்கலாகாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். இந்நோயில் ஒரு நாள் தாமதமும் பெரிது.

கண்ணையும் கரப்பான் தோலையும் காத்தல்

வேறு இரு இடங்களிலும் விழிப்பு வேண்டும். புண்ணைத் தொட்ட விரலாற் கண்ணைக் கசக்கினால் கிருமி கண்ணின் முன்புறத் தெளிபடலத்தைப் பற்றலாம். அது மீண்டும் மீண்டும் எழுந்து தழும்பேறினால் பார்வை மங்கும். சிவந்த கண்ணுக்கு எவரோ தந்த துளிமருந்தைத் தாமாகவே இடுவது ஆபத்து. சிலவகைத் துளிமருந்துகள் இந்நோயைப் பெருக்கிவிடும். மற்றது, கரப்பான் நோயுள்ள பிள்ளைகளின் தோல். அங்கே மதில் முன்னரே உடைந்திருப்பதால், ஒரு முத்தத்தால் வந்த கிருமி உடலெங்கும் கொப்புளமாய்ப் பரவக்கூடும். அத்தகைய பிள்ளைகளைச் சிசுக்களைப் போன்றே காக்கவேண்டும்.

மருந்து உண்டா?

கிருமியை நரம்பினின்று அகற்றும் மருந்து இன்றுவரை இல்லை. தடுப்பூசி காணப் பல முயற்சிகள் நடந்தும் பயன்பாட்டுக்கு எதுவும் வரவில்லை. ஆனால் பெருக்கத்தை அடக்கும் மருந்து உண்டு. அசைக்குளோவிர் என்னும் அம்மருந்தின் ஆக்கத்திலே பெரும்பங்கு கொண்டவர் கேர்ட்ரூட் எலியன் என்னும் அமெரிக்க அம்மையார். பெண் என்ற காரணத்தால் ஆய்வுகூடங்களிலே இடம் மறுக்கப்பட்டு, சிலகாலம் பாடசாலையிலே இரசாயனம் கற்பித்தவர் இவர். கலாநிதிப் பட்டத்துக்கான படிப்பை முடிக்காமலே 1988ஆம் ஆண்டு நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். நம் மாணவியர் அறிந்து ஊக்கம் கொள்ளத்தக்க வாழ்வு அது.

வைரசு புகுந்த கலத்தினுள்ளே மட்டும் இம்மருந்து விழித்தெழுந்து, அதன் பெருக்கத்தைத் தடுக்கிறது. மற்றக் கலங்களைப் பெரும்பாலும் வருத்துவதில்லை. புண் எழும் தொடக்கத்திலேயே உட்கொண்டால் நோயின் நாள்கள் குறையும். இதே இனத்தைச் சேர்ந்த மருந்தொன்றை நாள்தோறும் உட்கொண்டால் துணைவருக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ அரைவாசியாகக் குறையும் என்பது, 1,484 இணைகளை ஆராய்ந்து 2004ஆம் ஆண்டு வெளியான முடிவிலே தெரியவந்தது. வைத்தியரின் ஆலோசனையோடு பெறத்தக்க உதவி இது.

மக்களில் மூவரில் இருவரளவில் தாங்கி நிற்கும் ஒரு கிருமியை எவருக்கும் இழுக்காகக் கருதுவது பொருந்தாது. அதனை ஒருவர் பெற்றது பெரும்பாலும் அன்புடைய ஒருவரிடமிருந்தே. கொடுத்தவரும் அறிந்து கொடுத்தவரல்லர். வெட்கம் பரவலைத் தடுத்ததில்லை. வெட்கப்பட்டோர் புண்ணை மறைத்தனர், வைத்தியரைத் தவிர்த்தனர், துணைவரிடம் பொய் கூறினர். “எனக்கு உதட்டிலே புண் இருக்கிறது, பிள்ளையை நாளைக்கு எடுக்கிறேன்” என்று ஒரு பெரியவர் கூச்சமின்றிச் சொல்லவும், கேட்டவர் அதனை நன்றியோடு ஏற்கவும் நம் இல்லங்களிலே வழக்கம் உண்டாகுமாயின், மருந்துக்கடை தரமுடியாத காப்பை அது நம் குழந்தைகளுக்குத் தரும்.